நீ வெட்டச் சொன்ன வெள்ளைச் சோளம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், நிலத்தில் மக்காச்சோளமும் இன்று காலைவரை நலம். அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் உன் பேனாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் "ஏம்ப்பா" என்று ஆரம்பித்தாலே நீ "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய், அந்த மீட்டிங் முடிவதற்குள் இங்கே ஒரு போகம் விளைந்து போகிறது. கடிதம் பொறுமையாக உன் மேஜை மேல் உட்கார்ந்திருக்கும், அதை யாரும் பாதியில் வைக்க முடியாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த அஞ்சையும் ஒழுங்காகப் படித்தவள். என் எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். அதனால் மேலிருந்து கீழே வரை படி. ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் என் பேத்தி சமாச்சாரம். போன வாரம் வீடியோவில் அவள் வரைந்த சோளக் கதிரைக் காட்டினாள், ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக வரைந்திருந்தாள், எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். டீச்சர் மட்டும் "கலர் அடிக்க மறந்துட்டியே" என்று மார்க்கைக் குறைத்துவிட்டாராம். இவள் "மறக்கல மிஸ், எங்க பாட்டி வீட்டுச் சோளம் வெள்ளைதான்" என்றாளாம். டீச்சர் மஞ்சள் கிரேயானைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாராம், இவள் கிரேயானைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். மார்க் போனால் போகிறது, நீ அவளை மஞ்சள் அடிக்கச் சொல்லிவிடாதே. நம் குடும்பத்தில் மேலிடத்தை எதிர்த்து முதலில் பேசியது அவள்தான், நானெல்லாம் அவளுக்குப் பின்னால் வந்தவள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசாங்கப் பண்ணை உனக்கு நினைவிருக்கும், நீ பந்து பொறுக்கப் போய் முள்கம்பியில் சட்டையைக் கிழித்துக்கொண்ட இடம். அங்கே இந்தப் போகத்தில் புது மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். மரபணு மாற்றிய விதையாம், சோதனையாம். கம்பி வேலியை இரட்டையாக்கி, உள்ளே யாரும் வரக் கூடாது என்று பலகை வைத்து, பலகையைக் காவல் காக்க ஒரு ஆளையும் போட்டிருக்கிறார்கள். இந்தச் சோளத்தைப் புழு தொடாதாம், களைக்கு அடிக்கும் மருந்தை இதன் தலையிலேயே ஊற்றினாலும் சாகாதாம், வெயில் காய்ந்தாலும் வாடாதாம். நம் விதை ஆபீசர் தம்பி வந்து இப்படி விளக்கியபோது, இவ்வளவு பலசாலிக்கு இரண்டு வேலி எதற்கு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அந்தத் தம்பிக்கு எப்போதும் நெஞ்செரிச்சல், பேசும்போதே மார்பைத் தடவிக்கொள்வான், பாவம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மருந்தடிக்கும் கருவி இரவல் கேட்க அவன் ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது தெரியுமா, கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்து வைத்தால் பலகை மறையும், கதவைச் சாத்தினால் ஆபீஸ் மூடிவிட்டது என்று அர்த்தம். மக்கள் பார்வைக்கு வைத்தாயிற்று என்று எழுதிக்கொள்ள அதைவிடத் தோதான இடம் கிடையாது. நான் செருப்பைத் தேடிக் கதவைத் தள்ளினேன், பலகையில் ஒரு காகிதம், அதன் அடியில் உன் கையெழுத்து. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நீ இடது கைக்காரன், உன் எழுத்து காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி பின்பக்கம் சாயும், கடைசி எழுத்தின் வால் மட்டும் மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பீரோவுக்குப் பின்பக்கச் சுவரில் பென்சிலால் போட்டுப் போட்டுப் பழகினாயே, வெள்ளையடிக்க வந்தவனை அந்த இடத்தைத் தொடவிடாமல் இன்றுவரை வைத்திருக்கிறேன். அதே சாய்வு, அதே வால். கீழே உன் பதவி இரண்டு வரிக்கு இருந்தது. தம்பியிடம் இதற்கு ஒரு ஜெராக்ஸ் கொடுப்பா என்றேன். அவன் முதலில் தயங்கினான், இது சாரோட அம்மா என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு ஜெராக்ஸாகக் கொடுத்தான்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் போகாத கடை இல்லை. பால்காரர், மாவு மில், முடிதிருத்தும் கடை, சைக்கிள் கடை எல்லா இடத்திலும் நின்றேன். "மேல இருக்கிறதெல்லாம் ஆபீஸ் விஷயம், நீங்க கீழ பாருங்க" என்று மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு உன் கையெழுத்தை மட்டும் காட்டினேன். நான் மேல்பாதியைப் படிக்கவில்லையா என்று கேட்பாய். படித்தேன், முதல் நாலு வரியில் மேற்படி என்று மூன்று இடத்தில் இருந்தது, மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை. சரி, பெரிய மனுஷர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். நம் பக்கத்து வீட்டுத் தையல்காரி இருக்கிறாளே, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே ஊர்க் கதை பேசுகிறவள், அவள் என் கையை நகர்த்திவிட்டு மேலே படித்தாள். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "அக்கா, இது உங்க சோளத்தை வெட்டச் சொல்லுது. எங்க சோளத்தையும்" என்றாள்.

அவள் வாசித்துச் சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது. சோதனை நிலத்தைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் வேறு மக்காச்சோளம் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் பூ எடுக்கும் முன் வெட்டி அகற்ற வேண்டும். வாய்க்காலை ஒட்டிய நம் நிலம், தையல்காரி நிலம், இன்னும் மூன்று நான்கு பேர் நிலம் எல்லாம் அதற்குள் வருகிறது. நம் சோளத்தின் பூந்தூள் காற்றில் பறந்துபோய் அவர்கள் கதிரில் விழுந்தால் சோதனை கெட்டுவிடுமாம். யோசித்துப் பார், புழுவுக்கு அசையாது, விஷத்துக்கு அசையாது, வெயிலுக்கு அசையாது, உன் அம்மா சோளத்துத் தூசிக்கு மட்டும் தாங்காது. அவர்கள் சோளத்துத் தூள் இங்கே வந்து விழுந்தால் என்ன என்று கேட்டதற்கு, அதுபற்றி உத்தரவில் எதுவும் இல்லை என்று தம்பி சொன்னான். காற்று ஒரு பக்கமாக வீசும்படி ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் போல. நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு போன காகிதம் இதுதான். கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்த சேதியை ஒரே காலையில் ஊர் முழுக்கச் சேர்த்தவள் நான், அதுவும் உன் மேல் வைத்த ஆசையால். உங்கள் எதிரிகளுக்குக்கூட இப்படி ஒரு ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, ஃபைல் வந்துச்சு, போட்டேன், ஒரு நாளைக்கு எவ்வளவு வருதுன்னு உனக்குத் தெரியுமா, அதுல நம்ம நிலம் இருக்குன்னு நான் பார்க்கல." வெட்டச் சொன்னாய் என்பதைவிட இதுதான் எனக்கு உறைத்தது. நல்லது என்று நினைத்து வெட்டச் சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், சண்டையில் ஒரு மரியாதை இருக்கிறது. படிக்காமல் போட்டேன் என்கிறாயே. அஞ்சாம் வகுப்புக்காரி மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்தாள், அதே மேல்பாதியை நீ எதைக் கொண்டு மறைத்தாயோ தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஜாடை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

உனக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. போன அறுவடையில் மழை விட்டு விட்டுப் பெய்து விதைக் கதிரில் பாதி பூசணம் பிடித்துவிட்டது. தேறியதை முழுக்க விதைத்துவிட்டேன், பானையில் ஒரு மணி இல்லை. மற்றவர்கள் எல்லாம் அரசாங்கம் கொடுக்கும் பை விதைக்கு மாறி வெகு காலம் ஆயிற்று, அந்தப் பையில் மந்திரி சிரிப்பார், அடுத்த வருஷம் மறுபடி வரிசையில் நின்றால்தான் மறுபடி சிரிப்பார். வெள்ளைச் சோளம் இப்போது என் நிலத்திலும், என்னிடம் விதை வாங்கிப் போட்ட தையல்காரி நிலத்திலும்தான் நிற்கிறது. இதை மணி பிடிக்கும் முன் வெட்டினால் அடுத்த போகத்துக்கு அது கிடையாது, எந்தக் கடையிலும் கேட்க முடியாது. என் பேத்தி படத்தில் மட்டும்தான் இருக்கும், அங்கேயும் மார்க் குறைவு.

ஊரில் உடனே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் விதைப் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தார். அவர் வாழ்நாளில் பஞ்சரைத் தவிர வேறு எதையும் ஒட்டியதில்லை, ஆனால் ஆவேசம் உண்டு. யார் தலைவர் என்பதில் அன்று மாலையே தகராறு வந்து, மாவு மில்காரர் பிரிந்துபோய் உண்மையான விதைப் பாதுகாப்புக் குழு என்று இன்னொன்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் "பெரியம்மா, நீங்கதான் கௌரவத் தலைவர்" என்று வந்து நின்றார்கள், நான் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன், ஒரே நாற்காலியைத்தானே இரண்டு பேரும் தூக்கிவரப் போகிறார்கள். நகரத்திலிருந்து ஒருவரைப் பேசக் கூட்டிவந்தார்கள். இந்தச் சோளத்தைத் தின்றால் ஆண்களுக்குக் காதில் முடி முளைக்கும் என்றார். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் எல்லாம் காதைத் தடவிப் பார்த்து, நாம் எப்போது தின்றோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்த விதை நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. நல்லது என்கிறவர் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை, கெட்டது என்கிறவர் நான் நம்பும்படி சொல்லவில்லை. நல்லதாகவே இருக்கட்டும், அதை என் சோளத்தின் தலையில் நிற்க வைத்துத்தான் சோதிக்க வேண்டுமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

சத்தம் பெரிதானதும் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள், பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்பு அறையில். மேலதிகாரிகளுக்கு மட்டும் நாற்காலி, எங்களுக்கு ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு, ஊரே முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துக்கொண்டு கருத்துச் சொல்லக் காத்திருந்தது. திரையில் ஒரு விவசாயி படம் போட்டார்கள், சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சோளத்தைப் பல நாட்டு மாடுகள் தின்றிருக்கின்றன, இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை என்று ஒரு நிபுணர் சொன்னார். உன் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் "மாட்டுக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சாங்களா" என்று மெதுவாகக் கேட்டார், காது மந்தமானவர் மெதுவாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம், முடிந்ததும் பள்ளிக்கூட மணியை அடிப்பார்களாம். சைக்கிள் கடைக்காரர் எழுந்து, மேடையில் வீற்றிருக்கும் என்று ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மில்காரர் அதில் விட்டுப்போனவர்களுக்கு வணக்கம் சொன்னார், அவருக்கும் அடித்துவிட்டது.

அப்புறம் என் முறை. எல்லாரும் நான் உன்னைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்தார்கள், தையல்காரி என் முந்தானையை இழுத்து "விட்டுக்கொடுக்காதீங்க அக்கா" என்றாள். யாரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. நான் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன், இந்தத் தடவை கையால் எதையும் மறைக்கவில்லை. "இது என் மகன் கையெழுத்து. என் மகன் சொன்னதை நான் தட்டமாட்டேன். வெட்டச் சொன்னான், வெட்டிக்கலாம். ஆனா எங்க வீட்டுல ஒரு வழக்கம், வேலையைச் சொன்னவன்தான் முதல் கை வைக்கணும். அவன் வரட்டும், அவன் கையால முதல் தட்டையை வெட்டட்டும், மிச்சத்தை நானே வெட்டிப் போடுறேன். வேற யார் கையும் என் நிலத்துல விழக் கூடாது" என்றேன். மணி அடிக்க நின்றவர் மணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், எனக்கு இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. தையல்காரி எழுந்து "எங்க நிலத்துக்கும் அதே தம்பி வந்து கை வைக்கட்டும்" என்றாள், வாய்க்கால் ஓரத்து மற்றவர்களும் பெஞ்சிலிருந்து ஒருவரையொருவர் பிடித்து எழுந்து அதையே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விதை ஆபீசர் தம்பி, அப்படியெல்லாம் விதி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். மேலதிகாரி அவன் காதில் "தலைமை ஆபீஸ் சாரோட அம்மா நிலம்யா, நீ போய் வெட்டுறியா" என்று கேட்டார். தம்பி மார்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேலதிகாரியும் யோசித்தார், சாப்பாட்டு நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில், மக்களின் வேண்டுகோளை ஏற்று உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரி முன்னிலையில் பயிர் அகற்றப்படும் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் உத்தரவை நான் மீறவில்லை, என் மரியாதையை அவர்கள் மீறவில்லை. சைக்கிள் கடைக்காரர் இதைத் தன் குழுவின் வெற்றி என்று பலகையில் எழுதி வைத்தார், மில்காரர் உண்மையான வெற்றி என்று எழுதி வைத்தார்.

உன் அப்பா வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. "என் பையன் கையெழுத்து போட்டா காரணம் இல்லாம போடமாட்டான், நீ அவனைச் சபையில இழுத்துட்ட" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். காரணம் என்ன என்று நீ போனில் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மறுநாள் விடிந்ததும் ஆளைக் காணோம் என்று தேடிப் போனால், இஸ்திரி போட்ட சட்டையோடு வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "பண்ணை ஆளுங்க யாராவது சீக்கிரமா வேலையை முடிச்சிடலாம்னு வந்துட்டா? உத்தரவுப்படி பையன்தானே வரணும்" என்றார். அன்றிலிருந்து தினமும் போகிறார். உன் கௌரவத்தைக் காப்பாற்றுகிறாரா சோளத்தைக் காப்பாற்றுகிறாரா என்று நான் கேட்கவில்லை, சாப்பாட்டை மட்டும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்போது கேள், மகனே. நீ இங்கே வந்து எத்தனை காலம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் லீவு கிடைக்கவில்லை என்பாய், தையல்காரி ஊசியைக் கடித்துக்கொண்டு "இந்த வருஷமாவது வர்றானா அக்கா" என்று கேட்பாள், எனக்கு ஊசி குத்தினமாதிரி இருக்கும். இப்போதும் தினம் கேட்கிறாள், "இந்த மாசம் வரமாட்டான்ல அக்கா" என்று. பால்காரர் கேட்கிறார், மில்காரர் கேட்கிறார். உனக்கு லீவு கிடைக்கக் கூடாது என்று இந்த ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. என் பிள்ளைக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நானும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவருகிறேன், அப்பேர்ப்பட்ட பெரிய வேலையில் இருக்கிறான், அம்மாவைப் பார்க்கவே வரமுடியாதவன் அம்மா சோளத்தை வெட்டவா வந்துவிடுவான் என்று. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது, அதை விடு.

சோளம் என் தோளைத் தாண்டிவிட்டது. உச்சியில் பூ எட்டிப் பார்க்கப் போகிறது. பூ விரிந்து தூள் கொட்டிவிட்டால் அவர்கள் கணக்குப்படி சோதனை இந்தப் போகத்துக்கு முடிந்தது, அதற்கப்புறம் வெட்டி யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தம்பியே என்னிடம் ரகசியமாகச் சொன்னான். அவனுக்கு இப்போது நெஞ்செரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதனால் நீ அவசரப்பட்டு லீவு கேட்காதே. மீட்டிங் எல்லாவற்றையும் நிதானமாக முடி. மேலே இருப்பவர்கள் போகச் சொன்னால் ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று சொல், பொய்யாகவும் இருக்காது. இதுவரை எழுதிய எல்லாக் கடிதத்திலும் வா வா என்று எழுதினேன், இதில் மட்டும் வராதே என்று எழுதுகிறேன், இதையாவது கேள். அப்படியும் உனக்கு அந்த விதைதான் சரி, இது போகத்தான் வேண்டும் என்று முழுசாகப் படித்துப் பார்த்துத் தோன்றினால் கிளம்பி வா, நான் சொன்ன சொல் சொன்னதுதான், தடுக்கமாட்டேன். உன் இடது கைக்கென்று கொல்லரிடம் தனியாக அடித்த அரிவாள் சமையலறை ஜன்னல் பக்கத்தில் அப்படியே தொங்குகிறது, வேறு யாருக்கும் அது பிடிபடாது. துருவெல்லாம் தேய்த்து வைத்திருக்கிறேன்.

என் விருப்பம் என்ன என்று கேட்டால், கதிர் முற்றியபிறகு வா. மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. கதிரை ஒடித்தபிறகு மாட்டுக்குத் தட்டை வெட்ட அந்த அரிவாள் ஆகும். பேத்தி கையால் ஒரு கதிரை உரித்து அவள் டீச்சருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், கிரேயான் எதுவும் தேவைப்படாது. மருமகளிடம் பேத்திக்குத் தலை ஈரத்தோடு பின்னிவிட வேண்டாம் என்று சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு. எனக்காக வேலையில் யாரோடும் மல்லுக்கு நிற்காதே, யாராவது கேட்டால் எங்கம்மா உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத்தான் காத்திருக்கிறாள் என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த வயிறும் நிம்மதியான தூக்கமுமாக நெடுநாள் இருக்க வேண்டும் என்பது என் ஆசியும் உன் அப்பாவின் ஆசியும். அவர் இன்னும் என்னோடு முழுசாகப் பேசவில்லை, ஆசியை மட்டும் சேர்த்து எழுதச் சொன்னார்.

மறக்காதே, எந்தக் காகிதம் வந்தாலும் மேல்பாதியைப் படி. இதன் அடியில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், மேலே எழுதியிருப்பதை முதல் வரியிலிருந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், உன் மகளுக்குப் பாட்டி, இரண்டு குழுவுக்கும் கௌரவத் தலைவர்
அம்மா